வாய்விட்டு முந்நூறு

செங்கல்பட்டு,
6 ஜனவரி 2025

அன்புள்ள மச்சான் ஜோஷ்வாவுக்கு,

மாமா ஜான்சன் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ரூத்தும் ஆண்டவர் தயவில் சௌக்கியம். என் உடம்பில் சர்க்கரை மட்டும் என்னைவிட உற்சாகமாக இருக்கிறது. நீயும் உன் வீட்டாரும் சுகந்தானே?

இந்தக் காலத்தில் எவன் கடிதம் போடுகிறான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். காரணம் உன் அக்கா. போனில் பேசினால் "ஸ்பீக்கர்ல போடுங்க" என்று பக்கத்தில் வந்து உட்காருகிறாள். வாட்ஸ்ஆப்பில் வந்தால் நான் கண்ணாடி தேடுவதற்குள் அவளே பதில் போட்டுவிடுகிறாள். ஆகவே தபால். நீயும் பதிலைக் கல்லூரி முகவரிக்கே அனுப்பு.

கல்லூரி என்றேனா? ஆமாம், வாத்தியார் ஆகிவிட்டேன். இருபத்தாறு வருஷம் மாட்டு மருந்து விற்றவனைக் கம்பெனி ஒரு சால்வை போட்டு வீட்டுக்கு அனுப்பியதா, செங்கல்பட்டுப் பக்கம் புதிதாக முளைத்த தனியார் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கூப்பிட்டார்கள். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு, கிளினிக் நடத்துவது எப்படி என்று வாரம் இரண்டு வகுப்பு. வாடகை, ஆள் வைப்பது, வருகிறவர்களிடம் பேசுவது, பீஸ் கேட்பது, எல்லாம் என் தலையில். நான் வைத்த காடைப் பண்ணை ஏழாவது மாதம் மூடிய கதை முதல்வருக்குத் தெரியாது. மிச்சக் காடைகளை வறுவலுக்குத் தூக்கிப்போன உனக்குத் தெரியும். வாயைத் திறக்காதே.

இந்தப் பிள்ளைகள் மாட்டின் பின்பக்கம் தோள்வரை கையை விட அஞ்சாதவர்கள். "பீஸ் முந்நூறு" என்று சொல்லச் சொன்னால் மட்டும் வேர்த்துக் கொட்டுகிறது. நான் தலையில் துண்டு போட்டு மாட்டுக்காரனாக உட்காருவேன். அவர்கள் ஒவ்வொருவராக வந்து என் முகத்தைப் பார்த்துத் தொகையைச் சொல்ல வேண்டும். ரஞ்சித்குமார் என்று ஆறடிப் பையன், என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, "நீங்களா பாத்து குடுங்க சார்" என்றான். "பாத்தேன்டா, ஒண்ணும் குடுக்கத் தோணல" என்றேன். அழாத குறை. சிநேகா என்கிற பெண் மட்டும் நிமிர்ந்து, "முந்நூறு. ஜிபேயும் இருக்கு" என்றாள். நானே பயந்து பர்ஸை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரியில் இந்த இரண்டு பேரையும் ஒரு வாரம் உன் கிளினிக்குக்கு அனுப்பலாமா? நிஜக் கடை ஒன்றைப் பார்க்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்த்து, தபால்காரரோடு சிநேகம் பிடித்திருக்கும்,
மாமா ஜான்சன்


சதுரங்கப்பட்டினம்,
21 ஜனவரி 2025

மதிப்புள்ள மாமாவுக்கு,

ஜோஷ்வா எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அங்கும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். காடை விஷயம் வெளியே வராது. வறுவல் நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகளை அனுப்புங்கள். சீக்கிரம் அனுப்புங்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் நாய் பூனைகளுக்கென்று பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். ஜூன் இரண்டாம் தேதி சேர வேண்டும். இங்கே ஷட்டரை இறக்கிவிடலாம் என்று இருக்கிறேன். அக்காவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

நான் இங்கே வந்து உட்கார்ந்தது நம் காலனி மாடுகளுக்காக. அப்பா காலத்தில் அடுத்தவர் மாட்டை மேய்த்தோம். இப்போது வீட்டுக்கு ஒன்றிரண்டு சொந்த மாடு நிற்கிறது. அதில் ஒன்றுகூட என் வாசலுக்கு வருவதில்லை. எல்லாம் திருநாவுக்கரசிடம் போகின்றன. மொபெட்டில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஊசி போடுகிறவர். படிப்பு ஒன்றும் கிடையாது. என்னிடம் வருவது அணுசக்தி டவுன்ஷிப் நாய்கள். நாய்தான் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் ஏசியில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அக்காவுக்கு என் அன்பு. என்னிடமிருந்து கடிதம் வந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்லுங்கள்.
ஜோஷ்வா


செங்கல்பட்டு,
30 ஜனவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். உன் நலம் விசாரிக்கவே பயமாக இருக்கிறது, விசாரித்தால் இப்படி ஏதாவது சொல்கிறாய்.

கிளினிக் நடத்தக் கற்றுக்கொடுக்கிறவன் மச்சானின் கிளினிக் மூடுகிறது என்றால் என் மானம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் போய்விடும். கூடுவாஞ்சேரியிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் பேராசிரியர் ஒருவர், வாயில் போட்ட வேர்க்கடலையைவிட வேகமாகச் செய்தியை மெல்லுகிறவர். அவர் காதுக்குப் போகுமுன் ஏதாவது செய்ய வேண்டும்.

பாடத்தில் முதல் கேள்வி, எதிர்க்கடைக்காரன் எவ்வளவு வாங்குகிறான் என்பது. திருநாவுக்கரசு எவ்வளவு? நீ எவ்வளவு? அவரைவிட ஐம்பது குறைத்துப் பார். உன் அக்கா காய்கறிக்காரரை இப்படித்தான் மாற்றினாள்.

உன் அக்காவிடம் இதுவரை மூச்சு விடவில்லை. எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.
மாமா ஜான்சன்


சதுரங்கப்பட்டினம்,
8 பிப்ரவரி 2025

மதிப்புள்ள மாமாவுக்கு,

சுகம். திருநாவுக்கரசு ஊசிக்கு இருநூறு வாங்குகிறார்.

நான் காலனிக்காரர்களிடம் ஒன்றும் வாங்குவதில்லை. எல்லோரும் அத்தை, சித்தப்பா, அண்ணன். ஐம்பது குறைப்பதற்கு என்னிடம் இடம் இல்லை.

பிள்ளைகள் பதினேழாம் தேதி திங்கட்கிழமை வரட்டும். சாப்பாடு நம் வீட்டில்.
ஜோஷ்வா


செங்கல்பட்டு,
26 பிப்ரவரி 2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு யாவரும் க்ஷேமம். உன் வீட்டு மீன் குழம்பைப் பற்றி ரஞ்சித்குமார் வகுப்பில் ஒரு மணிநேரம் பேசினான். நான் அனுப்பியது வேறு எதற்கோ.

உன் போன கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. இருநூறு கேட்கிறவனிடம் கூட்டம், இலவசத்திடம் ஆளே இல்லை. இலவசத்தைவிட மலிவாக அந்த மனுஷன் என்னதான் விற்கிறார்? வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். வாத்தியாருக்கே தெரியாத கேள்வி என்று கண்டுகொண்டு சிநேகா, உன் கிளினிக்கில் இருந்த வாரத்தில் ஒரு மத்தியானம் காலனிக்குப் போயிருக்கிறாள். உன் சின்னம்மா காசியம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாராம். சிநேகா வந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னாம்மா, எதுனா கணக்கெடுக்க வந்துகீறியா?"

"இல்ல ஆயா, காலேஜ். மாட்டுக்கு முடியலன்னா யார்கிட்ட காட்டுவீங்க?"

"திருநாவுக்கரசாண்ட."

"ஜோஷ்வா டாக்டர் உங்க சொந்தம்தானே? காசே வாங்க மாட்டாராமே?"

"அதாம்மா பேஜாரு. காசு வாங்காத வைத்தியம் பலிக்குமா? ஊசி ஏறும், கொணம் ஏறாது. ஒரு தபா ஆட்டுக்குப் பாத்தான். டப்பு நீட்னேன். கையத் தள்ளிட்டான். நாலாம் நாளு ஆடு பூட்ச்சி. அப்பால எப்டி போறது?"

"கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயும் ஃப்ரீதானே ஆயா?"

"அங்க சர்க்காரு குடுக்குது. இவனுக்கு எவன் குடுக்கறான்? டவுன்ஷிப்பு நாய்க்கு மட்டும் எண்ணி வாங்கறான் இல்ல? எங்க மாடு இன்னா, நாயவுட மட்டமா?"

மச்சான், நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். நீ மரியாதைக்கு வாங்காமல் இருக்கிறாய். அவர்கள் நீ மதிக்கவில்லை என்று வராமல் இருக்கிறார்கள். மருந்து இருக்கிறது: வாய்விட்டு முந்நூறு என்று கேள். முதலில் சின்னம்மாவிடமே ஆரம்பி.

வெற்றி பெற்ற தளபதி போல,
மாமா ஜான்சன்


செங்கல்பட்டு,
21 மார்ச் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமா? போன கடிதம் கிடைத்ததா? தபால்காரர், உங்களுக்கு ஒன்றும் இல்லை சார் என்று தூரத்திலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

சிரித்தேன் என்று எழுதியிருக்க வேண்டாமோ என்று இப்போது தோன்றுகிறது. எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். என் கல்யாணத்தில்கூட மோதிரம் போடும்போது சிரித்துவிட்டு இன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. வேர்க்கடலைப் பேராசிரியருக்குப் பல் எடுத்தார்கள். ஒரு வாரம் ஊர்ச் செய்தியே இல்லாமல் கல்லூரி வெறிச்சென்று கிடந்தது.

ஒரு யோசனை. ஏப்ரல் மூன்று வியாழக்கிழமை என் வகுப்புக்கு வாயேன். சதுரங்கப்பட்டினத்திலிருந்து டாக்டர் பேச வருகிறார் என்று போட்டுவிடுகிறேன். பேச வேண்டாம். பிள்ளைகளோடு சேர்ந்து, பீஸ் கேட்டு ஒரு முறை பழகிப் பார். நான் சின்னம்மாவாக உட்காருகிறேன். சேலை கட்டமாட்டேன், பயப்படாதே.
மாமா


சதுரங்கப்பட்டினம்,
28 மார்ச் 2025

மதிப்புள்ள மாமாவுக்கு,

இங்கு சுகம். கடிதங்கள் கிடைத்தன.

சின்னம்மா அந்த ஆட்டை விற்று மகளுக்குக் கம்மல் எடுக்க இருந்தார். அவரிடமா வாங்குவது என்றுதான் கையைத் தள்ளினேன்.

வியாழக்கிழமை வருகிறேன்.
ஜோஷ்வா


செங்கல்பட்டு,
9 ஏப்ரல் 2025

அன்புள்ள மச்சானுக்கு,

சௌக்கியம். நீ பத்திரமாக வீடு சேர்ந்ததை அறியக் கடிதம் வரும் என்று பார்த்தேன். வராததால் சேர்ந்திருப்பாய் என்று கொள்கிறேன்.

நீ பஸ் ஏறிய பிறகு வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். நாற்காலியில் நான் துண்டோடு சின்னம்மா. பக்கத்தில் ரஞ்சித்குமார் நாலு காலில் மாடு. இருபது வருஷ டாக்டர் நீ, "மு..." என்று ஆரம்பித்து, "பரவால்ல சின்னம்மா, இருக்கட்டும்" என்று முடித்தாய். மூன்று முறையும் அதேதான். மூன்றாவது முறை மாடே, "கேளுங்க சார்" என்றது. அப்போதும் ஒருவரும் சிரிக்கவில்லை.

நீ போன பிறகு ரஞ்சித்குமார் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சார், எங்க ஊர்ல கிளினிக் போட்டா எனக்கும் எல்லாம் சொந்தக்காரங்கதான்" என்றான். இன்னும் நாலைந்து தலைகள் ஆடின. என் பாடத்திட்டத்தில் சொந்தக்காரர்களுக்கு என்று பக்கமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வருகிறவர்கள் எல்லாம் அந்நியர் என்று வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஓட்டியிருக்கிறேன்.

இனி உன்னை வற்புறுத்தமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள். வெயில் இப்போதே கொல்கிறது.
மாமா ஜான்சன்


சதுரங்கப்பட்டினம்,
6 மே 2025

மதிப்புள்ள மாமாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன வாரம் சின்னம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். திருநாவுக்கரசு மூன்று ஊசி போட்டும் மடிவீக்கம் வற்றவில்லையாம்.

"மடி கல்லு மாரி கீதுடா. ஒங்கிட்ட வந்த அந்தக் காலேஜுப் பொண்ணு, ஒரு தபா காட்டிப் பாருன்னு சொல்லிச்சி. அதான் வந்தேன்" என்றார்.

பார்த்தேன். கெட்ட பாலைப் பீய்ச்சி எடுத்து மருந்து ஏற்றினேன். கை கழுவினேன். சுத்தமான பிறகும் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு சுவரைப் பார்த்து முந்நூறு என்றேன்.

"இன்னா?"

"முந்நூறு, சின்னம்மா." இந்த முறை அவரைப் பார்த்து.

"சொந்த சின்னம்மாகிட்ட முந்நூறா? ஒன்ன இடுப்புல தூக்கினு அலைஞ்சவ நானு. திருநாவுக்கரசே இரநூறுதான் வாங்கறான்."

"அவரு டாக்டர் இல்ல."

"ஓ! தொர டாக்டரு!"

இடுப்பிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். பிறகு மாட்டைப் பிடித்துக்கொண்டு பழைய டச்சுக் கோட்டைச் சுவர் வரை, "முந்நூறு வாங்கிட்டான்! சின்னம்மான்னுகூடப் பாக்கல, முந்நூறு!" என்று எதிரே வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இனி காலனிப் பக்கமே தலைகாட்ட முடியாது என்று நினைத்தேன்.

சாயங்காலம் காலனியிலிருந்து மூன்று மாடுகள் வந்தன.

இரண்டு நாள் கழித்து அவரே திரும்ப வந்தார். "பாலு இன்னும் திரிதிரியா வருது. இன்னாத்தப் பாத்த நீ? சும்மாவா பாத்த? முந்நூறு குடுத்துகீறேன். எழுந்து வா வூட்டாண்ட" என்றார். இத்தனை வருஷத்தில் காலனியில் ஒருவரும் என்னைக் குறை சொன்னதில்லை. பையை எடுத்துக்கொண்டு போனேன். இப்போது பால் சரியாக வருகிறது.

சென்னை வேலையில் மாற்றமில்லை. சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.
ஜோஷ்வா


செங்கல்பட்டு,
15 மே 2025

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கு நலம். உன் அக்காவின் முழங்கால் தேவலை. தேவலை என்பதற்குச் சாட்சி, நேற்று கல்லூரிக்கே நடந்து வந்துவிட்டாள். "என் தம்பி லெட்டர் எல்லாம் எங்க?" என்றாள். எனக்கு வேர்த்ததுபோல் ரஞ்சித்குமாருக்குக்கூட வேர்த்ததில்லை. நீ போகப்போவது அவளுக்குப் பிப்ரவரியிலிருந்தே தெரியுமாம். உன் வீட்டுக்காரி சொல்லியிருக்கிறாள். நான் எவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பேன் என்று சும்மா பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஆக, தபால்தலை வாங்கியது தண்டம்.

உன் கடிதத்தைப் படித்தாள். "யாரும் அவன இருன்னும் சொல்லாதீங்க, போன்னும் சொல்லாதீங்க" என்று உத்தரவு. ஆகவே நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓடத் தொடங்கின கடையை எவனும் மூடமாட்டான் என்று பாடத்தில் இருக்கிறது. அதையும் உனக்காகச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

கடைசித் தேர்வு முடிந்தது. ரஞ்சித்குமார் என் முகத்துக்கு நேரே முந்நூறு என்றான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான் என்றாலும் மார்க் போட்டேன். அடுத்த வருஷமும் வரச் சொல்கிறார் முதல்வர். சொந்தக்காரர்களுக்கென்று இரண்டு வகுப்பு சேர்க்கப்போகிறேன், என்ன சொல்லித்தருவது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு தப்பு நடந்துவிட்டது. வைத்தியம் பார்த்த வீட்டுக்குப் பிறகு போன் செய்து விசாரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தேன். சிநேகா உன் சின்னம்மாவுக்குப் போன் போட்டு மடியை விசாரித்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, "சார் ஜூன்ல சென்னைக்குப் போறாரே, அப்புறம் யார்கிட்ட காட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டாள். சின்னம்மா, "அப்டியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம்.

உன்மேல் என்றும் பிரியமுள்ள,
மாமா ஜான்சன்

(பின்குறிப்பு: அன்பு விசாரிப்புகள், ரூத். இவர் எழுதினதில் பாதியை நம்பாதே.)


சதுரங்கப்பட்டினம்,
27 மே 2025

மதிப்புள்ள மாமாவுக்கும் அக்காவுக்கும்,

இங்கு யாவரும் சுகம். நேற்று முதல் கடல்காற்று கொஞ்சம் வீசுகிறது.

நேற்று காலை சின்னம்மா வந்தார். மாட்டை வாசல் கம்பத்தில் கட்டிவிட்டு ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை மேஜைமேல் வைத்தார்.

"இன்னா சின்னம்மா இது?"

"அச்சாரம்."

"எதுக்கு?"

"மாடு கன்னு போடறப்ப நீதான் வர்ணும். வேற எவனையும் வூட்டாண்ட வுட மாட்டேன்."

நம் காலனியில் அச்சாரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாங்கினவன் பேச்சு மாறினால் அவன் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட ஒருவரும் போகமாட்டார்கள். சின்னம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் நாய் படம் போட்ட காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கையுறை மாட்டிக்கொண்டு மாட்டைச் சோதித்தேன். தோள்வரை கையை விட்டு நிதானமாகவே பார்த்தேன்.

"சின்னம்மா, வயித்துல ஒண்ணும் இல்ல. சினையே புடிக்கல."

"தெரியும்."

"இனிமேதான் பருவத்துக்கு வந்து, சினை ஊசி போட்டு, அது நின்னு... அடுத்த பங்குனிக்கு முன்ன கன்னு கெடையாது."

"பங்குனிலயே போடட்டும். எனக்கு இன்னா அவசரம்? ஒனக்கு எதுனா அவசரமா?"

கையுறையைக் கழற்றினேன். மின்விசிறிக் காற்றில் தாள் மேஜையின் விளிம்புக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கீழே விழுந்துவிடப்போகிறதே என்று எடுத்துச் சட்டைப்பையில் வைத்தேன். சின்னம்மா கம்பத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார். "வர்றேன் டாக்டரே" என்றார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

சென்னைக்காரர்களுக்கு இன்று எழுத வேண்டும். காரணம் கேட்பார்கள். இப்படிப்பட்ட கடிதம் எழுதுவதற்கு உங்கள் பாடத்தில் ஏதாவது முறை இருந்தால் சொல்லுங்கள் மாமா. சினை பிடிக்காத மாட்டுக்குப் பிரசவம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எழுதினால் நம்புவார்களா?

ஜோஷ்வா